கைக்கு வருவதும் கையில் மிஞ்சுவதும்



நம் நகரியப் பிள்ளைகள் சிலர் சென்னைக்குப் போய், கார் இல்லாவிட்டாலும் ஸ்கூட்டரில் வீடுவீடாக உணவுப் பொட்டலம் சேர்ப்பித்துக் காசு காண்கிறார்கள். “சுருக்கில் வரும் காசு நல்ல காசா?” என்பது பெற்றோர் பலரின் கேள்வி.

உழைத்தவன் அன்றே கூலி பெறுவது பாவமல்ல. பொழுது சாயுமுன் கூலி கொடுக்கச் சொல்வது மோயீசன் சட்டம் அன்றோ! ஆனால் பெட்ரோல் செலவு, வண்டித் தேய்மானம், விபத்து எல்லாம் அவன் தலையில் அல்லவா விழுகின்றன? அவை போக மிஞ்சுவதே கூலி. இரு தரப்பாரும் ஒப்பினாலும், சிக்கனமாய் வாழவும் போதாத கூலி நீதியன்று என 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் போதித்தார். தமிழக அரசும் 2023-ல் இத்தொழிலாளருக்கு நல வாரியம் அமைத்தது. 2025-ல் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு ரூ. 20,000 மானியம் அறிவித்தது.

நெய்வேலியில் 1957-ல் தோண்டத் தொடங்கி, 1961-ல்தான் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். பொறுமை நமக்குப் புதிதல்ல. ஆகவே பெற்றோரே, “எவ்வளவு வந்தது?” என்பதோடு நில்லாமல், “எவ்வளவு மிஞ்சியது? பத்திரமாய் வண்டி ஓட்டுகிறாயா?” என்றும் மகனைக் கேளுங்கள். உணவு வரவழைப்போரே, பொட்டலம் சற்றுப் பிந்தினால், கொண்டுவரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.