உலோக மூட்டு உடம்பாகுமா?

தேய்ந்த முழங்கால் மூட்டைச் சீவி நீக்கிவிட்டு, அவ்விடத்தில் கோபால்ட்-குரோமிய உலோகத்தையும் பாலிஎதிலீன் தட்டையும் பதிக்கின்ற இக்காலத்தில், அப்படிப் பதிக்கப்பட்ட பொருள் அம்மனிதனுடைய சரீரத்தில் சேர்ந்ததா, அல்லது அவன் ஊன்றும் கோலைப் போல என்றும் புறப்பொருளேதானா என்ற கேள்வி, வைத்திய சாஸ்திரத்தைக் காட்டிலும் வேதாந்தத்துக்கே உரியது என்று கருதுகிறேன்.

ஸ்ரீபாஷ்யத்தில் ராமாநுஜர் சரீரத்துக்கு லக்ஷணம் கூறுமிடத்தில் கைகால்களின் வடிவத்தை ஆதாரமாகக் கொள்ளவில்லை. எந்தத் திரவியத்தை ஒரு சேதனன் தன் பிரயோஜனத்துக்காக முற்றிலும் தாங்கவும் நியமிக்கவும் வல்லவனோ, எது அவனுக்கே சேஷமாய், அதாவது அவன் பொருட்டே, இருப்பதை இயல்பாகக் கொண்டதோ, அதுவே அவனுக்குச் சரீரம் என்பது அவர் கொள்கை. நினைத்த மாத்திரத்தில் மடங்கி நீளும் உலோக மூட்டு, நியமனம் என்ற அளவில் ஒருவாறு தேறிவிடும். தாங்குதல் என்னுமிடத்தில்தான் தடை. எலும்பை உயிர் தாங்குகிறது, உலோகத்தையோ அதை எலும்பில் பதிக்கும் சிமெண்ட் தாங்குகிறது.

இங்கிலாந்தின் லங்காஷயரில், ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி 1958-இல் இடுப்பு மூட்டுக்குக் கையாண்டதும், பின்னர் அங்கேயே ஃபிராங்க் கன்ஸ்டன் முழங்காலுக்குப் பயன்படுத்தியதுமான இந்த அக்ரிலிக் சிமெண்ட், உண்மையில் பசையே அன்று. மாவுப் பதத்தில் எலும்பின் நுண்துளைகளுக்குள் அழுத்தப்பட்டு, சில நிமிஷங்களில் இறுகி, அவற்றைக் கவ்விக்கொண்டு நிற்கிறதே ஒழிய, எலும்போடு அது ஒட்டுவதில்லை. அதனால்தான் துளைகளிலுள்ள ரத்தத்தையும் கொழுப்பையும் நீர் பீய்ச்சிக் கழுவுவதில் வைத்தியர்கள் அத்தனை கவனம் செலுத்துகிறார்கள். நையாயிகர் வழக்கில் சொன்னால் இது சம்யோகம். பிரிக்கவொண்ணாத சமவாயம் அன்று.

இந்தச் சம்யோகம் குலையும் விதந்தான் என் சிந்தனையைப் பற்றி நிறுத்துகிறது. கிருமி ஏதும் புகாமலே, பல ஆண்டுகள் கழிந்தபின், நாற்காலியை விட்டு எழுந்து வைக்கும் முதற்சில அடிகளில் வலி காண்கிறது. எக்ஸ்ரே படத்தில் சிமெண்டின் ஓரமாக, எலும்பு கரைந்த இடத்தில், ஒரு கருங்கோடு தெரிகிறது. எலும்பு இவ்வாறு கரைவதைச் 'சிமெண்ட் நோய்' என்று 1980-களில் பழித்தார்கள். சிமெண்டின்றிப் பொருத்திய மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரையக் கண்ட பிறகே, தேய்ந்து உதிரும் பாலிஎதிலீன் துகள் இதற்குப் பெருங்காரணம் என்பது தெளிவாயிற்று. துகளை விழுங்கிய காவல் அணுக்கள், அதை ஜீரணிக்கமாட்டாமல் ரசாயனங்களை வெளியிட்டு, எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. மூட்டு எதன்மேல் நிற்கிறதோ அதுவே கரைகிறது.

நோயுற்ற அவயவம் உயிருக்கு அடங்காதிருப்பதைக் காட்டி எழும் ஆட்சேபத்துக்கு, நியமிக்கும் சக்தி இருந்தும் தடைப்பட்டிருக்கிறது என்று ராமாநுஜர் சமாதானம் சொல்கிறார். ஆனால் இங்கே அந்த அணுக்களுக்கு நோயில்லை; காக்கும் தொழிலைக் குறையறச் செய்தே அவை கேட்டை விளைவிக்கின்றன. அவற்றை நான் ஏவவுமில்லை, தடுக்கவும் என்னால் ஆகாது. அப்படியானால் என் நியமனத்துக்கு முற்றும் அடங்காதது உலோகம் மாத்திரமன்று, பிறவியோடு வந்த எலும்புந்தான். அந்த லக்ஷணம் சிறிதும் குறைவின்றிப் பொருந்தும் இடம், அவர் சித்தாந்தத்தின்படியே, ஜீவன் அன்று. சேதன அசேதனங்கள் அனைத்தையும் சரீரமாகக் கொண்ட அந்தர்யாமியே ஆவான். சுரங்கத்தில் கிடந்த நாளிலேயே அந்தக் கோபால்ட் அவனுடைய சரீரமாக இருந்தது. தளர்ந்த மூட்டைக் கழற்றி, பழைய சிமெண்டை உளியால் பெயர்த்தெடுத்து, வேறொன்றைப் பதிக்கிறபோதும் அவனுக்கு அந்நியமான ஒன்று அங்கே புகுவதில்லை.