நினைவு ஏன் பிரமாணம் ஆகாது?

மைசூர் மகாராஜா கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த எம். ஹிரியண்ணா, 1932இல் வெளியான தம் நூலில் இந்திய தரிசனங்களைத் தொகுத்துத் தந்தார். அவற்றுள் நியாயம் கறாரான கட்சி. நினைவு பழைய அனுபவத்தின் நகல்தான், ஆகவே அது பிரமாணம், அதாவது சரியான அறிவைத் தரும் வழி, ஆகாது என்பது அதன் வாதம். அலுவலக வலையமைப்பின் ப்ராக்ஸி கருவியை வைத்து இதைச் சோதிக்கலாம். ஒருவர் கேட்ட பக்கத்தை அது சேமித்துக்கொண்டு, அடுத்தவருக்கு மூல சர்வரைக் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறது. கொடுப்பது பழங்கதையா? இந்த நகல் 3600 விநாடி செல்லும் என்று கெடு வைத்து அனுப்புவதே மூலம்தான். கெடு தாண்டினால் கருவி மூலத்திடம், 'நகல் எடுத்த பிறகு ஏதாவது மாறியதா?' என்று விசாரிக்கும். மாறவில்லை என்று பொருள்படும் 304 என்ற எண் மட்டும் பதிலாக வந்தால் பழைய நகலே மறுபடி செல்லுபடியாகிவிடும்.

அப்படியானால் அதிகாரம் மூலத்துடையது, நகலுக்குச் சொந்தமில்லை என்று நியாய தரிசனத்தாரான நையாயிகர் மடக்கலாம். மடக்கட்டும். நம்பத் தக்கவரின் சொல்லைப் பிரமாணமாக ஏற்றவர்களும் அவர்களே. அந்தச் சொல்லும் சொன்னவரிடம் கடன் வாங்கித்தான் நிற்கிறது. கெடுவுக்குள் மூலம் மாறிவிட்டால் நகல் பொய்க்கும் என்பது உண்மை. கயிற்றைப் பாம்பென்று காட்டும் கண்ணை மட்டும் யாரும் பிரமாணங்களின் பட்டியலிலிருந்து நீக்கவில்லையே.