யாதவகிரியில் ஓர் ஆய்வேடு

நிறுவன நிதியில் முதுகலை ஆய்வேடு எழுதப்போகிறவர்கள் கருத்தரங்கில் சொல்லும் தலைப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: கடன் விகிதமும் லாபமும், நடைமுறை மூலதனம், டிவிடெண்ட் கொள்கை. பங்குச்சந்தையில் உள்ள சில பத்துக் கம்பெனிகளின் பத்து வருட பேலன்ஸ் ஷீட்டை எடுத்து ரெக்ரஷன் போட்டு, வைவாவில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் பட்டம் வந்துவிடும். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆய்வு முறையைச் சொல்லும் அத்தியாயத்தில் எவரும் நின்று படிக்காத ஒரு வரி உண்டு: 'பத்து ஆண்டுக் கணக்கும் முழுமையாகக் கிடைக்கும் நிறுவனங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன.' நடுவில் மூடப்பட்ட கம்பெனி எதற்கும் அந்த வரியைத் தாண்டி உள்ளே வர வழியில்லை.

மைசூரில் உட்கார்ந்து அந்த வரியை எழுதுவது எனக்கு உறுத்துகிறது. பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்திலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது யாதவகிரி. ருஸ்தம் இரானி தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் உரிமத்தோடு 1961-இல் ஜாவா மோட்டார் சைக்கிள்கள் அங்கே தயாராகத் தொடங்கின. பிறகு அவையே யெஸ்டி என்ற பெயரில் இந்தியா முழுக்க ஓடின. 1996-இல் உற்பத்தி நின்றது. 2001-இல் கம்பெனியைக் கலைக்கக் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஏன் நின்றது? 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்து பெட்ரோல் கணக்கையே மாற்றிப் போட்டது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் புகை விதிகளும் இறுகிக்கொண்டே போயின. புது இன்ஜினுக்குப் போட வேண்டிய பணம் எந்த வருடத்தில் போடப்பட்டிருக்க வேண்டும், அதைக் கடனாக வாங்குவதா பங்காகத் திரட்டுவதா, போட்டிருந்தால் திரும்பி வந்திருக்குமா? நிறுவன நிதிப் பாடத்தின் பெரிய கேள்விகள் இந்த ஒரு கேட்டுக்குள் கிடக்கின்றன. மாணவர்களோ இதே நகரின் ஹெப்பாளில் பெரிய வளாகம் வைத்திருக்கும் இன்ஃபோசிஸை எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல கம்பெனிதான், கணக்கும் ஒழுங்காகக் கிடைக்கும். ஆனால் வங்கிக் கடனே ஏறக்குறைய இல்லாமல் வளர்ந்த ஒரு கம்பெனி, கடன் ஒரு நிறுவனத்தை என்ன செய்யும் என்பதை எப்படிக் கற்றுத்தரும்?

எட்வர்ட் ஆல்ட்மன் 1968-இல் வெளியிட்ட இசட்-ஸ்கோர் இல்லாத ஆய்வேடு இன்று அரிது. திவாலாகப்போவதை முன்கூட்டிச் சொல்லும் அந்தச் சூத்திரத்துக்காக அவர் எடுத்தது 66 உற்பத்தி நிறுவனங்கள். அவற்றில் சரிபாதி, 33, திவாலானவை. இறந்தவற்றையும் இருப்பவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் ஐந்து விகிதங்களுக்கும் எடை கிடைத்தது. நாம் அந்த எடைகளை மட்டும் கடன் வாங்கி, உயிரோடு இருக்கும் கம்பெனிகள்மேல் போட்டு, 'பாதுகாப்பான மண்டலம்' என்று எழுதி முடிக்கிறோம். அவர் செய்த வேலையின் கடினமான பாதியை விட்டுவிட்டோம்.

திவாலின் செலவைப் பாடப்புத்தகங்கள் ஒரு பத்தியில் முடித்துவிடும். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை நம் நாட்டில் சட்டம்தான் தீர்மானித்துவந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் குடும்ப நிறுவனம் ஒன்றைக் கலைக்கும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதைக் கலைக்கலாமா என்ற விசாரணையில் தொழிலாளியும் பேசலாம் என்று 1982 டிசம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. 1985-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்ந்த 529-ஏ பிரிவு, தொழிலாளியின் பாக்கியை, அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கியின் பாக்கிக்குச் சமமாக நிறுத்தியது. 2016-இன் திவால் சட்டம் அந்தச் சம உரிமையைக் கலைப்புக்கு முந்தைய 24 மாதப் பாக்கியோடு நிறுத்திக்கொண்டது. இந்த மாற்றத்தால் வங்கிகள் கேட்கும் வட்டி குறைந்ததா, தொழிலாளிக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பது நிதிக் கேள்வி. சட்டக் கல்லூரிக்குத் தள்ளிவிடக் கூடாதது.

யெஸ்டியின் கதை 2001-இலும் முடியவில்லை. நிறுவனரின் மகன் பொமன் இரானியும் மஹிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸும் 2022 ஜனவரியில் அந்தப் பெயரில் மீண்டும் வண்டிகளை இறக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அந்த டிரேட்மார்க் கலைப்பிலுள்ள பழைய கம்பெனிக்கே சொந்தம் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார்; வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. கால் நூற்றாண்டு மூடிக்கிடந்த தொழிற்சாலையின் பெயருக்கு என்ன விலை, அந்த விலையில் யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட ஒரு மாணவர் முன்வந்தால், நான் அந்த ஆய்வேட்டை மற்ற எதற்கும் முன்னால் படிப்பேன்.

அவர் உயர் நீதிமன்றக் கோப்புகளில் தொடங்கலாம். ஆனால் அது போதாது. 1961-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். கடைசிச் சம்பளம் எந்த மாதம் வந்தது, கிராஜுவிட்டி எப்போது கைக்கு வந்தது, பி.எஃப். பணம் முழுதாகக் கட்டப்பட்டிருந்ததா, மூடப்போகிறார்கள் என்று எப்போது தெரிந்தது: இவற்றைக் கன்னடத்தில் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதை இந்தப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.