கறுப்புக் காரும் களிம்பேறிய செம்பும்

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடிந்ததும் வாளியும் துணியுமாகக் கார் துடைப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். மாதக் கூலி. போர்வெல் தண்ணீரை ஊற்றி, ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தால்தான் கட்டுப்படியாகும். வெள்ளைக் காரின் சொந்தக்காரர் ஒன்பது மணிக்கு வந்து ஏறிக்கொண்டு போய்விடுகிறார். கறுப்புக் காரின் சொந்தக்காரர்தான் நின்றுவிடுகிறார். பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள். "இன்னிக்குக் கழுவலையாப்பா?" என்று கேட்கிறார். கழுவியதால் வந்தவைதான் அவை.

அழுக்கைப் போக்க வந்த தண்ணீரே அழுக்கை வைத்துவிட்டுப் போனால் தூய்மை எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் சமணரும் சைவரும் வேதாந்திகளும் பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி இது. உயிருக்கு அழுக்கு உண்டா? உண்டென்றால் வெளியிலிருந்து ஒட்டியதா, கூடவே இருப்பதா? எதைக் கொண்டு போக்குவது? கறுப்பு பானெட்டை முன்னால் வைத்து இவர்களை மறுபடி விசாரிக்கலாம். ஒவ்வொருவரும் உருப்படியாகவே பதில் சொல்கிறார்கள்.

முதலில் அந்த வளையத்தின் பூர்வீகம். கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் ஒரு லிட்டர் வண்டியின் மேலேயே காய்ந்தால், கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சுண்ணாம்பு அங்கே தங்கிவிடும். அதுவும் சீராகப் பரவித் தங்காது. துளி காயும்போது அதன் விளிம்பு நகராமல் ஒட்டிக்கொள்கிறது. நீர் வேகமாக ஆவியாவதும் அந்த விளிம்பில்தான். அங்கே குறைந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடுகிறது, தன்னிடம் உள்ளதையெல்லாம் சுமந்துகொண்டு. காப்பிக் கறை ஏன் வளையமாக விழுகிறது என்று ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள்.

இந்தப் படிவை முதலில் பார்க்க வேண்டியவர் சமணர். மற்ற சமயங்களில் வினை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு. சமணத்தில் அது பொருள். தூசைப் போல உயிரின் மேல் உண்மையிலேயே வந்து படியும் நுண்பொருள். தமிழ்ச் சமண நூல்கள் சொல்லும் ஒன்பது பொருள்களில் ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்ற நான்கும் அப்படியே கார் பராமரிப்புக் கையேட்டிலிருந்து எடுத்தவை போலிருக்கும். வினை வந்து சேர்வது ஊற்று. கோபம், செருக்கு, வஞ்சம், ஆசை ஆகியவற்றின் பிசுக்கில் அது ஒட்டிக்கொள்வது கட்டு. இனி வராமல் அடைப்பது செறிப்பு. ஏற்கெனவே ஒட்டியதைத் தவத்தால் சுரண்டி எடுப்பது உதிர்ப்பு. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் தத்துவங்களை அடுக்கும்போது செறிப்பை முன்னால் வைத்துவிட்டுத்தான் உதிர்ப்புக்குப் போகிறது.

வண்டிக்கு மெருகு போடும் கடைக்காரரும் இதே வரிசையைத்தான் சொல்வார். நிழலில் கழுவு. பாகம் பாகமாகக் கழுவு. தண்ணீர் தானாகக் காய விடாதே. மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடு. மெழுகோ செராமிக் பூச்சோ போட்டுவை. செராமிக் போட்டால் கறையே விழாது என்று யாராவது விற்றால் மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பூச்சின் மேல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரள்கிறது. துடைக்காமல் விட்டால் உப்பும் முத்துக்கு முத்து குவிந்து காய்கிறது. கறையை எடுப்பது சுலபமாகும், அவ்வளவுதான்.

உதிர்ப்புக்கு விலை அதிகம். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற அடுக்கு ஏறக்குறைய 40 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் வேகும் பானெட்டில் உப்பு நாள்கணக்கில் கிடந்தால் அந்த அடுக்கையே அரித்துப் பள்ளம் பறித்துவிடுகிறது. பிறகு துடைக்க அங்கே எதுவும் இல்லை. கறை என்று கண்ணுக்குப் படுவது ஒரு குழி. பாலிஷ் போடுபவர் குழியை நிரப்புவதில்லை. அதைச் சுற்றியுள்ள நல்ல பரப்பைக் குழியின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறார். ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு மைக்ரான் போகும். அளவு மீறினால் பூச்சே போய்விடும். சமணரின் உயிர் எத்தனை தவம் செய்தாலும் தேயாது, உடல்தான் தேயும். பானெட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வேதாந்தி குறுக்கிடுவார்: அதே தண்ணீர், அதே துணி, வெள்ளைக் காரில் ஏன் புகார் இல்லை? செம்பருத்தியின் பக்கத்தில் வைத்த பளிங்கு சிவப்பாகத் தெரிகிறது, பளிங்கில் சிவப்பு இல்லை என்பது அவர்களின் பழைய வாதம். பாதி நியாயம் இருக்கிறது. வெள்ளைப் பூச்சிலும் அதே உப்பு படிகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. மாணிக்கவாசகர் தன்னை நாயோடு ஒப்பிட்டுக்கொண்டு அழுததும், ஊரில் சாதாரணமாகத் திரிந்த எவரும் அப்படி அழாததும் கறை கண்ணுக்குத் தெரிந்தவர்தான் கலங்குவார் என்ற இந்தக் கணக்கில் அடங்கும். ஆனால் பார்வை மட்டுமே குற்றவாளி அல்ல. இருண்ட பரப்பு வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது, அதிகம் சுடுகிறது. துளி சீக்கிரம் காய்கிறது, அரிப்பும் விரைகிறது. கறை வெறும் தோற்றம் என்று அறிந்துகொண்டதால் குழி மூடிவிடாது.

சைவ சித்தாந்தி வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். உயிரின் மூல அழுக்கான ஆணவ மலம், என்றோ ஒருநாள் வந்து ஒட்டியதல்ல. செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு என்கிறார். களிம்பு காற்றாலும் ஈரத்தாலும் வருவது என்று வேதியியல் படித்தவர் ஆட்சேபிக்கலாம். அதே காற்றில், அதே ஈரத்தில் பொன் ஏன் களிம்பேறுவதில்லை என்று திருப்பிக் கேட்டால் சித்தாந்தியின் பக்கம் கொஞ்சம் வலுக்கிறது. களிம்புக்கு இடம்கொடுக்கும் இயல்பு செம்பினுடையது.

இதைவிட முக்கியமான கேள்வியை 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் எழுப்புகிறார். உடலும் மனமும் புலன்களும் மாயையின் ஆக்கங்கள். மாயையும் ஒரு மலம். அப்படியானால் இறைவன் உயிரின் மலத்தை இன்னொரு மலத்தைக் கொண்டா கழுவுகிறான்? ஆமாம் என்கிறார் அருணந்தி. துணி வெளுப்பவர் அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்துவிடுகிறார். மாயையை வைத்து இறைவன் செய்வதும் அதுதான். சித்தாந்த நூல்களில் இவ்வளவு நேர்மையான பதில்கள் குறைவு. துணி வெளுப்பவரை ஊருக்கு ஓரமாகத் தள்ளி வைத்திருந்த சமூகத்தில், கடவுளின் வேலைக்கு அவருடைய வேலையையே உவமை ஆக்கியிருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உவர்மண்ணில் சோடா உப்பு இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். பானெட்டின் சுண்ணாம்புக்கு அந்த வேலையைச் செய்வது வினிகர். வெள்ளை வினிகரில் அதே அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து, நிழலில், குளிர்ந்த பரப்பில் துணியால் சில நிமிடம் ஒற்றி வைத்தால் கார்பனேட் கரைந்துவிடும். சிலிக்கா கரையாது. ஆனால் வினிகர் அமிலம். அதை அங்கேயே காயவிட்டால் மெழுகைத் தின்னும், புதுக் கறை வைக்கும். கரைத்ததை நல்ல நீரால் அலச வேண்டும். அலசிய நீரையும் துடைத்தெடுக்க வேண்டும். வேலையைப் பாதியில் நிறுத்தினால், சாணி போட்ட துணி முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கும்.

சமயங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கின. கழுவக் கொண்டுவந்த பொருளைக் கடைசியில் கழுவி எடுக்க மறந்துவிட்டன. நீராடலும் விரதமும் மடியும் ஆசாரமும் உவர்மண்ணாக வந்தவை, படிந்துபோய் உறைந்தன. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் சென்றபோது, கோவில் தீட்டுப்பட்டது என்று குமுறியவர்களுக்கு மீனாட்சியிடம் பக்தி இல்லை என்று சொல்ல முடியாது. தூய்மையைப் பற்றிய கவலையே அங்கே கறையாகப் படிந்திருந்தது. அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்ற பார்வையை மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் வெளியான தன் நூலில் விரித்து எழுதினார். ஆயுத பூஜைக்கு பானெட்டில் அப்பிய சந்தனமும் குங்குமமும் அன்று மங்கலம். வெயிலில் இரண்டு நாள் காய்ந்தபின் சுரண்ட வேண்டிய கறை.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் இதை இன்னும் பச்சையாகக் காட்டுகிறது. அது உப்பை அழிப்பதில்லை. ஒரு குழாயில் இனிப்பான நீர் வர, மறு குழாயில் உப்பின் பெரும்பகுதி செறிந்த நீர் வெளியேறுகிறது. வீணாக்க வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் அந்தக் கழிவு நீரைப் பிடித்துக் கார் கழுவக் கொடுக்கும் வீடுகள் நிறைய. ஒருவரின் தூய்மைக்கான உப்பு இன்னொருவரின் வாளியில் போய்ச் சேருகிறது. திட்டு வாங்குபவர் வாளியைத் தூக்கியவர்.

சித்தாந்தம் முக்தியிலும் ஆணவம் அழிந்தது என்று சொல்வதில்லை; அதன் சக்தி ஒடுங்கிக் கிடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. கறுப்பு பானெட்டுக்கும் நிரந்தர விமோசனம் இல்லை என்பதால் அந்த நிதானம் இங்கே சமணரின் முழுமையான வீடுபேற்றைவிடப் பொருந்துகிறது. ஆகவே கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு: ஆர்.ஓ. கழிவு நீரை வண்டிக்குக் கொடுக்காதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் தாது உப்பு மிகக் குறைவு. சுத்தமான வாளியில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்துங்கள். துடைப்பவரிடம் இன்னொரு காய்ந்த துணியைக் கொடுங்கள். கூடுதலாக அவர் செலவிடும் பத்து நிமிடத்துக்கு உரிய கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.