துக்கம் விசாரித்தல்

குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே மின்சார ரயில் நின்றுவிட்டது. வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி போன வண்டில எவனோ அடிபட்டுட்டானாம்" என்றார். "ஹெட்போன் கேஸா இருக்கும்" என்றார் இன்னொருவர். "பிரிட்ஜ் எதுக்குக் கட்டி வெச்சிருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் தட்டினேன்: 'டிராக்கில் யாரோ. மீட்டிங்குக்கு லேட்டாகும்.' உடனே இரண்டு கட்டைவிரல்கள் விழுந்தன.

சில மாதம் கழித்து, எங்கள் தளத்தைத் துடைக்கும் அக்கா நீண்ட விடுப்புக்குப் பிறகு வேலைக்கு வந்தார். "என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"வீட்டுக்காரர் டிராக்க தாண்டறப்போ போயிட்டாரு தம்பி. போன்லாம் பேசல. குடிக்கவும் இல்ல. அவருக்கு அந்தப் பழக்கமே கெடையாது."

நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்காதவனுக்கும் இந்தப் பதில் வருகிறதென்றால், எத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும்! துக்கம் விசாரிக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு செத்தவரையே விசாரணை செய்துவிட்டு வருகிறோம்.

சட்டம் தப்பை விசாரிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். ரயிலிலிருந்து தவறி விழுந்த பயணியின் குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம். தண்டவாளத்தைக் கடந்தவர் பயணிக் கணக்கிலேயே வரமாட்டார். எனவே நஷ்டஈட்டுக்கு அந்தக் கேள்வி தேவை. கண்ணீருக்கு எதற்கு?

எனக்குத் தெரிந்த பதில் பயம்தான். அவர் தப்பு செய்தார் என்றால், தப்பு செய்யாத எனக்கு அது நடக்காது. அன்று பெட்டியிலிருந்த எல்லோரும் அந்த ஆறுதலைத்தான் தேடினோம்.

அப்படியானால் தப்பே இல்லையா? இருக்கலாம். ஓடுகிற ரயில் பிரேக் போட்டாலும் நிற்பதற்குச் சில நூறு மீட்டர் ஆகும். ஹாரனை அழுத்தியபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்த ஓட்டுநரும் அந்த மரணத்தைச் சுமப்பவர்தான்.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று ஒன்று எழுதுவோம். அதில் யார் மேல் பழி என்று எழுதக் கூடாது. மனிதன் தவறுவான் என்று ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறை அவ்வளவு சுலபமாக்கியது எது என்றுதான் கேட்க வேண்டும். படியேறிச் சுற்றிப்போக எவ்வளவு தூரம்? மதில் ஏன் அங்கே உடைந்திருக்கிறது? ரேஷன் கடை ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது? ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இப்படிச் சாவதாக 2012இல் சொன்ன அனில் ககோத்கர் குழு, அதைப் படுகொலை என்றே குறிப்பிட்டது. அத்தனை பேருமா அசட்டையானவர்கள்? சர்வருக்குக் காட்டும் மரியாதையை நாம் இவர்களுக்குக் காட்டவில்லை.

மறுநாள் அக்காவிடம், "அவர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டேன். துடைப்பதை நிறுத்தினார்.

"டைல்ஸ் ஒட்டுவாரு தம்பி. நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்."

அதன்பிறகு கால் மணி நேரம் அவரைப் பற்றியே பேசினார். எப்படிச் செத்தார் என்ற பேச்சு ஒருமுறைகூட வரவில்லை.