தொடாமல் அறியும் ஒளி

சிவகாசி மத்தாப்பின் பச்சை நெடுங்காலம் பேரியம் உப்பால் வந்தது; சிவப்பு, ஸ்ட்ரான்சியத்தால். எரியும் நிறத்தைக் கொண்டே மருந்தில் என்ன கலந்திருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் விடை கிடைக்கும்போது மருந்து எரிந்து தீர்ந்திருக்கும். உயிருள்ள செல்லிடம் அப்படிக் கேட்க இயலாது.

கேட்கவேண்டிய தேவையோ இன்று கூடியிருக்கிறது. மருந்துகளைச் சோதிப்பதற்காகச் சிறு கண்ணாடி, சிலிக்கோன் சில்லுகளில் நுண்ணிய வாய்க்கால் அமைத்துச் செல்களை வளர்க்கிறார்கள். வளர்ப்பறை கொள்ளும் நீர்மம் பலவேளை சில மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டு நீரே ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர் இருக்கும். குடுவையில் வளர்ந்தால் அவ்வப்போது சிறிது எடுத்துப் பார்க்கலாம். இங்கே எடுத்தால் வளர்ப்பே தீர்ந்துபோகும். சாயமேற்றினால் செல் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. ஆயினும் பல சாயங்கள் அதன் இயல்பைக் குலைக்கும். எஞ்சும் வழி ஒளி.

உள்ளே போய்த் திரும்பும் ஒளி செய்தி கொண்டுவரும் என்று நிறுவியவர்களுள் ஒருவர் சிவகாசி இருக்கும் மாவட்டத்துக்காரர். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு அதைக் காட்டும் சோதனையைச் செய்தார். திரவத்துக்குள் புகும் சூரிய ஒளியின் வழியில் நீல ஊதா வடிகட்டி. அந்த நிறத்தை அறவே விடாத மஞ்சள் பச்சை வடிகட்டி கண்ணுக்கு முன்னே. கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது. ஆனால் தூய்மையாக்கிய திரவத்திலிருந்து சிதறிய மங்கலான ஒளி தெரிந்தது! மூலக்கூறுகள் தம் அதிர்வுக்கேற்ப ஒளியின் அலைநீளத்தை மாற்றியிருந்தன. சுமார் 60 திரவங்களில் இதைக் கண்டார்கள். 1930இல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கை அவர் பிறந்த மண்ணில் இன்னும் உரக்கச் சொல்லவேண்டும்.

இம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். ஆகவே புரதம், கொழுப்பு, டி.என்.ஏ. ஆகியவற்றை நிறமாலையில் பிரித்தறியலாம். ஊடகத்தில் குளுக்கோஸ் குறைவதையும் லாக்டேட் கூடுவதையும் பின்தொடரலாம். நீர் இம்முறையில் மிக மெலிந்த கோடுகளையே தருவதால், நீரில் வாழும் செல்லுக்கு இது பொருந்துகிறது. 1990இல் தனியொரு உயிருள்ள செல்லிலிருந்தே இத்தகைய நிறமாலையைப் பதிவுசெய்துவிட்டார்கள்.

இடர் ஒன்று உண்டு. கோடி ஒளித்துகளில் ஒன்றளவே இவ்வாறு மாறிச் சிதறும். குறையை ஈடுகட்ட லேசரின் வலிமையைக் கூட்டினால் செல் சூடேறிக் கெடும். அதனால்தான் செல் குறைவாகவே உறிஞ்சும் 785 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பலர் தேர்கிறார்கள். சில்லின் சிலிக்கோன் தன் கோடுகளையும் சேர்த்துவிடும். குவார்ட்ஸ் சாளரம் அதைத் தணிக்கும். இத்தனைக்குப் பிறகும் 'ஊறில்லை' என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடாது. ஒளிபட்ட செல்லும் ஒளிபடாத செல்லும் ஒரே வேகத்தில் பிரிந்து பெருகுகின்றனவா என்று அடுத்தடுத்த நாள்களில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.