பிறிதொன்றிற்காய் இருக்கை

பிறர்க்கு அதிசயம் விளைக்கவே இருக்கை சேஷத்வம் என்று பெரியோர் பணிப்பர். அதற்கு நாம் காட்டும் த்ருஷ்டாந்தம் விநோதமானது. அடியார்கள் பொறுத்தருள வேணும்.

அமெரிக்க தேசத்து மிச்சிகனில் பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு, 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் காரின் தரைத்தகட்டை அரித்துவிடும். அக்காருக்குத் தனிச் சட்டம் இல்லை, தகடே எலும்பு. ஆகையால் வறண்ட அரிஸோனாவிலிருந்து கேட்பாரற்றுக் கிடந்த கோரோனெட் ஒன்றைக் கொணர்வர். சக்கர இடைவெளி இரண்டிற்கும் 117 அங்குலமே. சார்ஜர் கோணாதபடி முட்டுக்கொடுத்து, கோரோனெட்டின் வெல்டுப் புள்ளிகளைத் துளைத்துத் தரையைப் பெயர்த்து, இதிலே பற்றவைப்பர்.

அடையாள எண் சார்ஜருடையதே. காண்போர் அதனையே கொண்டாடுவர். கோரோனெட் அசேதனம், அதற்கு வருத்தமில்லை. சேதநரான நமக்கோ கைங்கர்யத்திலும் பெயர் பொறிக்க வேண்டியிருக்கிறது! பற்றவைத்தவன் ஒருவனே தையலை அறிவான். அவனும் அதன்மேல் வண்ணம் பூசிவிடுகிறான்.